எல்லாரும் பார்க்க எழுது

இதை இடது கையால் எழுதுகிறேன். கையெழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கிறது. அச்சில் வரும்போது எல்லாம் நேராகிவிடும், அதனால் படிக்கிறவர்களுக்குக் கஷ்டமில்லை. எழுத்துக் கோர்க்கப்போகிற மனிதர்தான் பாவம், தலையில் அடித்துக்கொண்டு என்னைத் திட்டுவார். திட்டட்டும். ஊரில் நான் திட்டாத ஆளில்லை, என்னையும் யாராவது திட்ட வேண்டுமல்லவா.

வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. எழுபதுகளில், மறையூரில், எங்கள் கரும்பு ஆலையில் போனது. யாராவது கேட்டால் ஆலை இழுத்துவிட்டது என்று சொல்லி முடித்துவிடுவேன். என் கையை வாங்கியது இரண்டு பேருடைய நல்ல மரியாதை என்று சொன்னால் யாருக்குப் புரியும்? இப்போது புரியும்படி சொல்லப் பார்க்கிறேன். கோபத்தில் சொல்கிறேன் என்று நினைத்தால் சரியாகத்தான் நினைக்கிறீர்கள்.

அந்த நாட்களில் எங்களுக்குள் ஒரு கட்டு சுற்றிக்கொண்டிருந்தது. காகிதக் கட்டு. இரண்டு அட்டைகளுக்கு நடுவில் தாள்களை அடுக்கி, பழைய எஞ்சின் பெல்ட்டிலிருந்து கிழித்த வாரால் இறுக்கிக் கட்டியிருக்கும். கிழக்குப் பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறையில் புறப்படும். பஸ் கண்டக்டர்கள் கைமாறிப் பொள்ளாச்சி, உடுமலை வந்து, சின்னாற்றுக் காட்டைத் தாண்டி மலையேறி மறையூரில் என்னிடம் சேரும். நான் படித்து, எழுத வேண்டியதை எழுதி மூணாறு பஸ்ஸில் ஏற்றிவிட்டால் அது ஏலக்காட்டுப் பக்கம் சக்குபள்ளத்துக்குப் போகும். அங்கிருந்து கம்பத்துக்கு இறங்கி, ஊர் சுற்றிக் கொழிஞ்சாம்பாறைக்கே திரும்பிவிடும். ஊருக்கு ஊர் ஒரு டீக்கடையில் கண்டக்டர் அதைப் போட்டுவிட்டுப் போவார். தொலைந்ததே இல்லை.

கட்டில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரியான ஒற்றைச் சிலிண்டர் ஆயில் எஞ்சின் வைத்திருந்தவர்கள். பாதிப் பேர் கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள், சிலர் மாவு அரைத்தார்கள், நான் கரும்பு பிழிந்தேன். எஞ்சின் கெட்டுப்போனால் பார்க்க ஆள் கிடையாது. அதனால் ஒருவன் தன் கையால் கண்டுபிடித்ததைத் தாளில் எழுதிப் படம் போட்டுக் கட்டில் வைப்பான். யார் வேண்டுமானாலும் அதை எடுத்துச் செய்துகொள்ளலாம். அதைவிட நன்றாகச் செய்துவிட்டால் அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். தனக்கென்று ஒளித்து வைக்கிறவனுக்குக் கட்டில் இடமில்லை.

கேட்பதற்கு நல்லதாக இருக்கிறதல்லவா? ஆரம்பத்தில் அடிதடிதான். ஒருவர் எழுதியதை இன்னொருவர் கேலி செய்ய, இவர் அவருடைய தாளைக் கிழித்தெறிய, பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் வைத்து ஸ்பானரால் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். உடைந்த மண்டையைத் தையல் போட்டு மூடிய பிறகுதான் கட்டைத் தொடங்கிய பெரியவர் விதிகளை எழுதி மேலட்டையின் உள்பக்கம் ஒட்டினார். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தோட்டமும் நாலைந்து கிணறும் உள்ளவர். குரல் உயர்த்தாத மனிதர். அவர் பேசினால் சண்டைக்காரர்களே எழுந்து நின்று துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார்கள்.

அவர் விதிகள் எனக்கு இன்றும் மனப்பாடம். தாளின் தலையில் விஷயம் என்ன என்று போடு. கேட்பதற்கு முன் பழைய தாள்களைப் புரட்டு, ஏற்கெனவே பதில் இருக்கும். எஞ்சினைப் பேசு, ஆளைப் பேசாதே. கல்யாணம், கட்சி, காதுகுத்து எதுவும் இதில் வேண்டாம். அடுத்தவன் தாளைத் திருத்தாதே, தப்பென்றால் அதன் கீழே எழுது. முறை முடிந்ததும் கட்டைப் பிடித்து வைக்காமல் அனுப்பு. இதற்கெல்லாம் மேலே, சிவப்பு மையில் பெரிதாக ஒரு வரி: எல்லாரும் பார்க்க எழுது. ஒருவனிடம் தனியாகச் சொன்னால் மற்றவனுக்குத் தெரியாமல் போய்விடும், ஆகவே கேள்வியும் பதிலும் கட்டிலேயே இருக்க வேண்டும் என்று பெரியவர் அதற்கு விளக்கமும் எழுதியிருந்தார். அவரே எழுதினார், தன் கையால். இதை மறந்துவிடாதீர்கள்.

இந்த விதிகளை வைத்துக்கொண்டு எல்லாரும் ஒருவனைத்தான் அடித்தோம். சக்குபள்ளத்துக்காரன். மாவு மில் வைத்திருந்தான், என்னைவிட இளையவன். அவன் தாளில் வணக்கம் இருக்காது, நலம் விசாரிப்பு இருக்காது, ஐயா இருக்காது. தலையில் விஷயத்தைப் போட்டுவிட்டு நேரே "தப்பு" என்று ஆரம்பிப்பான். ஆளைப் பேசாதே என்றால் எஞ்சினைப் பேசுகிற மாதிரியே ஆளைப் பேசுவான். டீசல் பீச்சும் நாசிலைச் சுத்தம் செய்வதைப் பற்றி நான் எழுதியதன் கீழே, மறையூர்க்காரருக்குக் கரும்பு தெரியும், எஞ்சின் தெரியாது என்று எழுதினான். நேரில் வந்தால் பல்லைத் தட்டிக் கையில் கொடுப்பேன் என்று நான் பதில் எழுதினேன். இப்படியே சுற்றுக்குச் சுற்று நடந்தது. அவனைக் கட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று பலர் எழுதினார்கள். பெரியவர் மட்டும், சின்ன வயசு, மரியாதை போகப்போக வரும் என்று எழுதி அவனைக் காப்பாற்றி வைத்திருந்தார்.

ஒரு கோடையில் பெரியவர் ஒரு தாள் எழுதினார். கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டதாம், எஞ்சின் இன்னும் வேகமாக ஓடினால்தான் தண்ணீர் ஏறுமாம். அதற்கு ஒரு வழி கண்டிருந்தார். எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடிவிடாமல் கடிவாளம் பிடிப்பது கவர்னர். அந்தக் கவர்னர் ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர்களை அடுக்கினால் வேகம் கூடும். அழகாகப் படம் போட்டு, எந்த வேலைக்கும் பொருந்தும் என்று முடித்திருந்தார்.

எனக்கு அந்த வருஷம் கரும்பு அமோகம். வெட்டின கரும்பு ஆலைவாசலில் கிடந்து காய்ந்துகொண்டிருந்தது. தாளைப் படித்த அன்றே வாஷர் போட்டுவிட்டேன். பெரியவர் எழுதினால் அதற்கு அப்பீல் ஏது? ஆலை பேய்வேகத்தில் ஓடியது. வெல்லம் காய்ச்சும் கொப்பரைக்குச் சாறு அடித்துக்கொண்டு போயிற்று. என் மனைவியின் தம்பிதான் எனக்குத் துணை. நான் கரும்பு கொடுக்க, அவன் அந்தப் பக்கம் சக்கையை இழுத்துப் போடுவான். சத்தம் ஒரு மாதிரியா இருக்கு மச்சான் என்று அவன் சொன்னான். வேகம்னா சத்தம் வரத்தான் செய்யும், வேலையப் பாரு மாப்ள என்று நான் அவன் வாயை அடைத்தேன்.

கிணற்றுக்கும் கரும்புக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பம்புக்குத் தண்ணீர்ப் பாரம் நிற்காமல் இருந்துகொண்டே இருக்கும். ஆலைக்கு அப்படி இல்லை. ஒரு பிடி கரும்பு போய் அடுத்த பிடி வருவதற்குள் உருளைகள் வெறுமனே சுற்றும். பாரம் குறைந்த அந்த நேரத்தில் எஞ்சினை இழுத்துப் பிடிக்க வேண்டியது கவர்னர்தான். நாங்கள் அதற்கு வாஷர் வைத்து வாயைக் கட்டியிருந்தோம். அன்று காலை, ஒரு பிடி முடிந்து நான் அடுத்ததை எடுக்கக் குனிந்து நிமிர்வதற்குள் எஞ்சின் அலறியது. நான் பழக்கத்தில் கரும்பை நீட்டிவிட்டேன். கரும்பு என் கையிலிருந்து போகவில்லை, கையோடு போயிற்று.

விரல்கள் நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. கரும்பு நொறுங்குகிற சத்தத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை, அதுதான் அசிங்கம். மாப்பிள்ளை ஒரு கம்பை எடுத்துப் பெல்ட்டைத் தள்ளப் பார்த்தான். பெல்ட் கம்பைப் பிடுங்கி அவன் முகத்திலேயே அடித்தது, முன்பற்கள் போயின. வாயெல்லாம் ரத்தத்தோடு அவன் ஈரச் சாக்கை எடுத்து எஞ்சின் காற்று இழுக்கும் வாயில் திணித்தான். எஞ்சின் இருமி இருமிச் செத்தது. பிறகு என்னை எடுக்க உருளைகளை ஆள் பலத்தில் பின்னோக்கிச் சுற்ற வேண்டியிருந்தது. போன வழியே கை திரும்பி வந்தது. அதை நான் எழுதப்போவதில்லை. சாறு ஓடும் வாய்க்காலில் சிவப்பு ஓடிக் கொப்பரையில் விழுந்தது, அந்தக் கொப்பரையை வயலில் கொட்டினார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

ஜீப்பில் போட்டு உடுமலைக்கு இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே அறுத்துத் தைத்தார்கள். வலியைவிட எரிச்சல்தான் அதிகம். என் கவனக்குறைவு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். படுத்துக்கொண்டு என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

கண்டக்டர்கள் மூலம் செய்தி கீழே போயிருக்க வேண்டும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒருவர் ஆரஞ்சுப் பையோடு பார்க்க வந்தார். கடைவீதியில் ஒர்க்ஷாப் வைத்திருந்தவர். கட்டு பெரியவரிடமிருந்து முதலில் அவரிடம்தான் போகும். படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், என் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார், தேம்பித் தேம்பி அழுதார். ஆறுதல் சொல்ல வந்தவருக்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று. அப்போதுதான் அவர் வாயிலிருந்து அது வந்தது.

"நான் அப்பவே சொன்னேனுங்ண்ணா. கடலை உடைக்கற மிஷின்ல போட்டுப் பாத்தேன், பாரமில்லாதப்ப எஞ்சின் பிச்சுக்கிட்டுப் போச்சுங்க. ஓடிப்போயிப் பெரியவருகிட்டத் தனியாச் சொன்னேனுங்க."

காகிதக் கட்டில் ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். அத்தனை பேர் படிக்கிற இடத்தில் பெரியவர் எழுதியது தப்பென்று அவர் தாளுக்குக் கீழேயே எப்படி எழுதுவது, மரியாதை இல்லையே என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெரியவர் சொன்னாராம். இவர் கும்பிட்டுவிட்டு வந்து, கட்டை வாரால் இறுக்கிக் கட்டி அடுத்த ஊருக்கு அனுப்பிவிட்டாராம்.

பக்கத்தில் இருந்த எனாமல் குவளையை இடது கையால் எடுத்து அவர் நெற்றியில் அடித்தேன். மறுபடியும் அடித்தேன். நர்ஸ் ஓடிவந்து பிடிப்பதற்குள் அவர் புருவம் பிளந்து சட்டையெல்லாம் ரத்தம். அவர் தடுக்கவே இல்லை. அடிங்கண்ணா, அடிங்கண்ணா என்று முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். அவருக்கும் அதே ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள்.

கோபம் கொஞ்சம் இறங்கிய பிறகுதான் இன்னொன்று உறைத்தது. கட்டு எங்கே என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். முறை முடிந்துவிட்டது, பிடித்து வைக்கக் கூடாதே என்று அவன் அதை மூணாறு பஸ்ஸில் ஏற்றியிருந்தான். வீட்டில் எழவு விழுந்தாலும் கட்டை அனுப்புவது எங்களுக்கு அப்படியொரு பழக்கம். ஆக, அந்தத் தாள் படத்தோடு, கையெழுத்தோடு, சக்குபள்ளத்து மாவு மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தது. மாவு மில்லும் என் ஆலை மாதிரிதான், பாரம் வந்துவந்து போகும். எஞ்சினுக்குப் பக்கத்திலேயே ஏலக்காட்டுப் பெண்கள் பாத்திரத்தோடு வரிசையில் நிற்பார்கள், இடுப்பில் குழந்தையோடு.

தந்தி கொடுத்தோம். வாஷரை எடு, ஆபத்து என்று என் பெயரில். பதில் இல்லை. எப்படி இருக்கும்? இத்தனை நாள் அடித்துக்கொண்ட ஆள் நான். நான் எடு என்றால் அவன் இன்னும் இரண்டு வாஷர் சேர்த்துப் போடுவான். எழுதின பெரியவரே அது தப்பென்று எழுதினால்தான் மறுபேச்சு இருக்காது என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். அதுவும் உண்மைதான். ஆனால் உடுமலை பஸ் ஸ்டாண்டில் மேலே போகிற பஸ்ஸும் கீழே போகிற பஸ்ஸும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நான் ஆஸ்பத்திரியில் சொல்லாமல் வந்து, கட்டுப்போட்ட கையோடு, மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஏறியது கீழே கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போகிற பஸ்ஸில். எனக்குப் பெரியவரின் ரத்தம் வேண்டியிருந்தது.

தோட்டத்துச் சாளை வீட்டை ஒட்டிய பம்ப் கொட்டகையில், மகன்கள் இருவரோடு பெரியவர் இருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே நுழையும்போதே என் காது கேட்டுவிட்டது. பழைய நிதானமான ஓட்டம். வாஷர் இல்லாத ஓட்டம். என்னை வாஷர் வைக்கவைத்த மனிதர் தன் எஞ்சினில் எடுத்துவிட்டிருந்தார்.

"உக்காருங்க தம்பி. மொதல்ல தண்ணி குடிங்க" என்றார்.

"வாஷர எப்ப எடுத்தீக?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஒர்க்ஷாப்புக்காரன் வந்து சொன்ன அன்னிக்கேங்க."

"கட்டுல ஏன் எழுதல?"

"கட்டு சுத்தித் திரும்பி வந்தா அந்தத் தாளை எடுத்துப்போடலாம்னு இருந்தேனுங்க. அத்தனை பேருக்கு முன்னால நாந் தப்புன்னு எப்படிங்க எழுதறது?"

கொட்டகை மூலையில் தேங்காய் வெட்டுகிற கொடுவாள் கிடந்தது. எடுத்து ஓடுகிற பெல்ட்டை வெட்டினேன். அறுந்த பெல்ட் துள்ளி மூத்த மகன் கன்னத்தைக் கிழித்தது. இளையவன் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்துக் காம்பால் என்னை அடித்தான். அவன் குறி வைத்தானோ என்னவோ, அடி வெட்டுப்பட்ட கையிலேயே விழுந்தது. கண் இருண்டது. தையல் விட்டுக் கட்டுத்துணி நனைந்து சொட்டியது. மாப்பிள்ளை கடப்பாரையை எடுத்துக்கொண்டு மகன்கள் இருவரையும் சுவரோடு நிறுத்தினான். பல் போன வாயால் அவன் கத்தியது யாருக்கும் புரியவில்லை, கடப்பாரை புரிந்தது.

நான் பெரியவரைக் கீழே தள்ளி, அவர் வலது மணிக்கட்டைத் தேங்காய் வெட்டுகிற கட்டையின் மேல் வைத்து முழங்காலால் அழுத்தினேன். எனக்கு இருந்தது ஒரே கை, அதில் கொடுவாள்.

"எழுது" என்றேன். என் அப்பன் வயதுக்காரரை அன்றுதான் ஒருமையில் பேசினேன்.

அவர் கதறவில்லை. கட்டையில் கன்னத்தை வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வெட்டிருங்க தம்பி. கைக்குக் கை சரியாப் போகட்டும். எழுத மட்டும் சொல்லாதீங்க."

மிரட்டலாகச் சொல்லவில்லை அந்த மனிதர், கெஞ்சலாகச் சொன்னார். கையைக் கொடுக்கத் தயாராக இருந்தார், நாலு ஊர்க்காரர்கள் படிக்கிற தாளில் ஒரு வரி எழுதத் தயாராக இல்லை. வெட்டிவிட்டால் எனக்கு ஆத்திரம் தீரும். அவருக்கும் எழுத வேண்டியது தீர்ந்துவிடும், எழுதக் கை இருக்காது. கொடுவாளை ஓங்கியபடி இதை நான் யோசித்தேன். யோசித்ததால்தான் ஜெயிலுக்குப் போகவில்லை.

"உன் கை எனக்கு எதுக்கு? சக்குபள்ளத்துல மாவு மில்லுல பொம்பளைக பிள்ளையோட நிக்காளுக. கட்டு இப்ப அங்கதான் இருக்கு. நீ எழுதலன்னா அவளுக கை போகும், பிள்ளை கை போகும்" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, காயிதம் கொண்டாடா என்று மகனிடம் சொன்னார்.

முதலில் எழுதியதைப் படித்ததும் எனக்கு மறுபடி தலைக்கேறியது. அனைவரும் நலமென நம்புகிறேன், முன்பு எழுதிய முறையைச் சில இடங்களில் சற்றுக் கவனத்துடன் கையாள்வது நன்று என்று இருந்தது. கசக்கி அவர் முகத்தில் எறிந்தேன். இரண்டாவது தாளில் நான் சொல்லச்சொல்ல எழுதினார். வாஷர் விஷயம். நான் எழுதியது தப்பு. எடுத்துவிடுங்கள். தப்பென்று தெரிந்தும் நான் எழுதவில்லை. மறையூர்க்காரர் கை போய்விட்டது. கடைசியில் கையெழுத்தும் போட்டார். என் கையிலிருந்து சொட்டியதும் அந்தத் தாளில் விழுந்தது. அதைத் துடைக்க அவர் துண்டை எடுத்தார், வேண்டாம் என்று பிடுங்கிக்கொண்டேன்.

மலையேறும்போது எனக்குக் காய்ச்சல் அடித்தது. மறையூரில் இறங்கச் சொல்லி மாப்பிள்ளை மன்றாடினான். மாட்டேன் என்றேன். மூணாறில் பஸ் மாறி, ஏலக்காடுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும்போது ஒவ்வொரு வளைவிலும் வாந்தி. சக்குபள்ளத்தில் இறங்கி மில் எங்கே என்று கேட்டோம். வழி காட்டினார்கள். பட்டப்பகல். மில் சத்தமே கேட்கவில்லை.

கதவு பாதி சாத்தியிருந்தது. வாசலில் ஒருவருமில்லை. தரையில் வெள்ளையாக மாவு கொட்டிக் கிடந்தது. அதில் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குனிந்து தேடினேன்.

உள்ளே ஒருவன் எஞ்சின் மேடையில் உட்கார்ந்து கப்பைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தான். ஒல்லியாக, முகமெல்லாம் மாவாக. நான் பல்லைத் தட்டுவேன் என்று சொன்ன ஆள் இவன்தான். டீசல் வரவில்லை, மில் ஓடாது, நாளைக்கு வாருங்கள் என்றான் தலையைத் தூக்காமல். நான் யார் என்று மாப்பிள்ளை சொன்னான். அப்போதும் அவன் எழுந்திருக்கவில்லை.

தந்தி வந்ததா என்று கேட்டேன். வந்துச்சு, நான்தான் அதுக்கு முன்னாடியே எடுத்துட்டேனே, பதில் எதுக்கு என்றான்.

கையைக் கழுவிவிட்டுக் கட்டை எடுத்து வந்து பிரித்துக் காட்டினான். பெரியவரின் தாளுக்கு நேர் கீழே அவன் தாள். வணக்கம் இல்லை, ஐயா இல்லை. வாஷர். தப்பு. பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தேன், எஞ்சின் நிற்காமல் ஏறுகிறது. யாரும் செய்யாதீர்கள். செய்தவர்கள் உடனே எடுங்கள். எழுதியவர் யாராக இருந்தாலும் யோசிக்காமல் எழுதியிருக்கிறார். அவ்வளவுதான் தாள். தேதியைப் பார்த்தேன். கட்டு கைக்கு வந்த அன்றே எழுதியிருந்தான். அந்த அட்டைக்குள் அத்தனை ஊர்க்காரர்களும் மரியாதையாக அடுக்கியிருந்த தாள்களில் என் கையைக் காப்பாற்றியிருக்கக்கூடியது அது ஒன்றுதான். கட்டு மட்டும் எதிர்ப்பக்கமாகச் சுற்றி, கம்பம் ஏறி வந்திருந்தால், அது எனக்கு முதலில் வந்திருக்கும்.

சட்டைப்பையில் பெரியவரின் தாள் காய்ந்த ரத்தத்தோடு மடங்கிக் கிடந்தது. அதற்காக ஒருவர் புருவம், ஒருவன் கன்னம், என் தையல். இவன் ஒரு மண்டையையும் உடைக்காமல் எழுதிவிட்டிருந்தான்.

அவன் என் கையை வெகுநேரம் பார்த்தான். ஐயோ பாவம் என்று சொல்வான் என நினைத்தேன்.

"பெல்ட்டக் கழத்திட்டு ஒருவாட்டி ஓட்டிப் பாத்துருக்கலாம்லண்ணே" என்றான்.

மாப்பிள்ளை அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். நான் இடது கையால் விலக்கினேன். எனக்கே ஆச்சரியம்தான். பார்க்க வந்தவரை அடித்தவன், பெரியவரைக் கட்டையில் வைத்தவன் நான், ஆனால் இவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அழுகைதான் வந்தது. அந்த மாவுத் தரையில் உட்கார்ந்து, கை போன அன்று அழாததையும் சேர்த்து அழுதேன். அவன் எதிரே உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது. மாவு விழுந்துவிட்டது என்று துடைத்துக்கொண்டான்.

பிறகு பேனா கேட்டேன். அவன் தாளுக்குக் கீழே முதன்முதலாக இடது கையால் எழுதினேன். இவர் சொல்வது சரி. என் கை போய்விட்டது. மறையூர். அதை எழுதி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது. எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அவன் எட்டிப் பார்த்து, தலையில் விஷயம் போடவில்லை என்றான். வாஷர் என்று போட்டேன். சட்டைப்பையிலிருந்த பெரியவரின் தாளை அதற்கும் கீழே வைத்தேன். கொழிஞ்சாம்பாறையில் கட்டைத் திறக்கும்போது, வழியில் எல்லாரும் படித்து முடித்த பிறகு அது அவருக்கே போய்ச் சேரட்டும் என்று.

கம்பம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அந்த வாரை இறுக்கிக் கட்ட இரண்டு கை வேண்டும். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன், அவன் முடிச்சுப் போட்டான்.